நாலாவது டெலி லென்ஸ்

என் மேசை இழுப்பறையில் இரண்டு டெலி லென்ஸ்கள், அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸ்கள், சும்மா கிடக்கின்றன. இன்னொன்றைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். நாலாவதாக வாங்கியதைத்தான் இன்றைக்குக் காமிராவில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். முதல் மூன்றுக்கும் கொட்டிய காசை ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நாலாவதின் விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு வந்தது. கூடவே 14 மாதம் போனது. அந்த 14 மாதத்தில் அந்த மூன்று லென்ஸ்களில் எடுத்த படங்களில் பிரேம் போட்டு மாட்டலாம் என்று தோன்றுகிற ஒன்றுகூட இல்லை. பட்ஜெட் குறைவாக இருக்கிறவனுக்குத்தான் தப்பு செய்ய இடமே கிடையாது. ஆனால் அவன்தான் அதிகம் தப்பு செய்கிறான். நான் செய்தேன். யாராவது முன்கூட்டியே காதைத் திருகிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வேலையை இப்போது நான் செய்துவிடுகிறேன்.

ஆரம்பம் எல்லோருக்கும் போலத்தான். காமிராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். ஏரிக்கரையில் ஒரு காலை நேரம், தண்ணீரில் நட்டிருந்த கம்பின் மேல் ஒரு சிறு மீன்கொத்தி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு கம்பு, கம்பின் உச்சியில் நீலமாக ஒரு பொட்டு. பெரிதாக்கினால் நீலக் கட்டங்கள். அன்று ராத்திரியே லென்ஸ் தேட ஆரம்பித்துவிட்டேன். தேடியது எதை என்றால், எண்ணை. தூரத்தை எவ்வளவு கிட்டத்தில் இழுக்கும் என்று சொல்வது எம்எம், அதாவது மில்லிமீட்டர் எண்; எந்த லென்ஸில் அது பெரிதாக இருக்கிறதோ அதுதான் நல்ல லென்ஸ் என்பது அப்போதைய என் ஞானம்.

அப்படித்தான் முதல் லென்ஸ் வந்தது. 420-800 எம்எம் என்று போட்டிருந்தார்கள். விலையைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன், அவ்வளவு குறைவு. பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு புரட்சிகரமான எண்ணம்கூட வந்தது. பெட்டியைப் பிரித்தால் கறுப்பாக, நீளமாக ஒரு உருளை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, குழாய் எதுக்கு வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதன் பின்பக்கம் டி-மவுன்ட் என்று ஒரு வளையம். அதை மாட்டி, காமிராவில் திருகி, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் அந்தி சாய்ந்துவிட்டது போல இருந்தது. மணி காலை ஒன்பது.

ஏன் இருட்டு என்று அப்போது புரியவில்லை. அந்த லென்ஸின் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற திறப்பு, 420-ல் எஃப் 8.3, 800-க்குப் போனால் எஃப் 16. எஃப் எண் கூடக் கூட உள்ளே வருகிற வெளிச்சம் குறையும். என் கிட் லென்ஸே 55 எம்எம்மில் எஃப் 5.6. அதாவது புது லென்ஸின் முழு நீளத்தில், எனக்குப் பழக்கமான வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. வெயில் சுள்ளென்று அடிக்கும்போது எஃப் 16-ல் ஐஎஸ்ஓவை, அதாவது காமிராவின் வெளிச்ச உணர்திறனை, 100-ல் வைத்தால் ஷட்டர் வேகம் 1/100 நொடி அளவில் வரும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. 800 எம்எம்மைக் கையில் பிடித்து எடுக்க 1/1000-க்குக் கீழே போகவே கூடாது. ஆக உச்சி வெயிலிலேயே ஐஎஸ்ஓ 1000. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கிற காலை வெளிச்சத்தில் 8000-ஐத் தாண்டும், அந்த எண் ஏற ஏறப் படம் பொரிபொரியாகும். இதெல்லாம் போதாதென்று ஆட்டோஃபோகஸ் கிடையாது, காமிராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. இருட்டு வ்யூஃபைண்டரில் வளையத்தைத் திருப்பித் திருப்பி நான் ஃபோகஸ் செய்வதற்குள் பறவை மீனைப் பிடித்து, தின்று, செரித்து, கிளம்பிப் போயிருக்கும். இரண்டு வாரத்தில் நானூறு படம் எடுத்தேன். தேறியவை மூன்று. மூன்றும் நிலா.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். டெலி லென்ஸில் எம்எம் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற எஃப் எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதுவும் ஜூமின் கடைசி முனையில் என்ன எண் என்று. எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம் கிடைக்கும். 300-ஐ 5.6-ஆல் வகுத்தால் 54 மில்லிமீட்டர் போல வரும். அதே 300 எஃப் 2.8 என்றால் 107. முன்கண்ணாடி அவ்வளவு அகலமாவது இருந்தாக வேண்டும். அதனால்தான் மைதானத்து ஓரம் உட்கார்ந்திருக்கும் விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கிற லென்ஸ் வாளி மாதிரி இருக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கிறது. இந்தக் கணக்குக்கு யாரும் தப்ப முடியாது. நீளமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்றால் எங்கோ எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எதை விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.

குழாயை விற்கப் பார்த்தேன். கேட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் போலச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது தடவை கொஞ்சம் புத்தி வந்த மாதிரி நினைப்பு. ஆட்டோஃபோகஸ் உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 70-300. புதுசு, வாரன்டியோடு. அந்த எம்எம் வரிசையிலேயே விலை குறைந்தது அதுதான். அதே கம்பெனி அதே 70-300-ஐ இன்னொரு விதமாகவும் செய்தது, அது இரண்டு மடங்கு விலை. வித்தியாசம் பெயரில் இரண்டே எழுத்து. இரண்டு எழுத்துக்காகவா இவ்வளவு காசு என்று நினைத்தேன். அந்த இரண்டு எழுத்துதான் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசர். கேனன்காரர்கள் அதை ஐஎஸ் என்பார்கள், நிக்கான் விஆர், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ், சோனி ஓஎஸ்எஸ். எல்லாம் ஒரே சமாசாரம். பெயர்கள் எவ்வளவு குழப்பும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நிக்கான் 2016-ல் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 என்று இரண்டு லென்ஸ்களை வெளியிட்டது. ஒன்றில் விஆர் உண்டு, மற்றதில் இல்லை. உருவம் அச்சு அசல் ஒன்றே. அவசரத்தில் வாங்குகிறவர் எதைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் ஷட்டர் வேகம் எம்எம் எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 300 எம்எம் என்றால் 1/300. ஆனால் நம்மில் பலர் வைத்திருப்பது படம் பதிகிற சென்சார் சின்னதாக உள்ள காமிரா. அது காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால் எல்லாம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், அதைத்தான் கிராப் என்பார்கள். அதையும் சேர்த்தால் 1/450, நடைமுறையில் 1/500. காலை ஆறரை மணிக்கு எஃப் 5.6-ல் 1/500 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ எகிறும். வேகத்தைக் குறைத்தால் படம் ஆடும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, ஆடின படமும் எடுத்தேன், பொரிபொரியாக நாய்ஸ் அடித்த படமும் எடுத்தேன். இதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், ட்ரைபாடில் வைத்து, டைமர் போட்டு, மூச்சுக்கூட விடாமல் எடுத்த படமும் 300-ல் மங்கலாகவே இருந்தது. வெள்ளைக் கொக்கைச் சுற்றி ஊதாக் கலரில் கோடு. 70-லிருந்து 200 வரை அந்த லென்ஸ் நன்றாகவே இருந்தது, பழி சொல்ல முடியாது. 200-ஐத் தாண்டினால் தூக்கக் கலக்கத்தில் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். எஃப் 8-க்கு இறக்கினால் தெளிவு கொஞ்சம் கூடும், ஆனால் அதற்கு இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

நான் எடுத்த படங்களின் விவரங்களை ஒருநாள் வரிசையாகப் பார்த்தேன். பத்தில் ஒன்பது 300-ல் எடுத்தவை. அதாவது அந்த லென்ஸின் மட்டமான இடத்தில்தான் நான் குடியிருந்தேன். டெலி ஜூம் வாங்குகிற யாரும் கடைசி முனையில்தான் குடியிருப்பார்கள், பறவை என்றால் சந்தேகமே வேண்டாம். அதனால் ஒரு லென்ஸின் மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது நடு எம்எம்மில் எடுத்த அழகான முகங்களைப் பார்த்து மயங்காமல், கடைசி முனையில் அபர்ச்சர் முழுதாகத் திறந்து எடுத்த படம் எங்கே என்று தேடுங்கள். அதை நூறு சதவீத அளவில் பாருங்கள். 300 வரை போகும், ஆனால் 200 வரைதான் நன்றாக இருக்கும் என்றால் நீங்கள் வாங்குவது 200 எம்எம் லென்ஸ்.

அதே லென்ஸோடு ஒரு கூத்து நடந்தது. நண்பன் மகளின் நடன நிகழ்ச்சி. "நீதான் பெரிய லென்ஸ் வெச்சிருக்கியே, வந்து எடுத்துக் குடு" என்று கூப்பிட்டான். போனேன். மேடை விளக்கு எங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது, காமிராவுக்கு அது போதவில்லை. எஃப் 5.6-ல் ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றினாலும் ஷட்டர் 1/60-க்கு மேல் வர மறுத்தது. அந்தப் பெண் நன்றாக ஆடினாள். என் படத்தில் அவளுக்கு ஆறு கை. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் சுட்டது. மேடை, உள்ளரங்க விளையாட்டு இவற்றுக்கு ஸ்டெபிலைசர்கூட உதவாது. அது நம் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், எதிரே ஆடுகிறவரை நிறுத்தாது. அங்கே வெளிச்சம்தான் வேண்டும். குறைந்த காசில் அதற்கு வழி 85 எம்எம் எஃப் 1.8 மாதிரி ஜூம் இல்லாத லென்ஸ். எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், சின்ன சென்சாரில் 130 எம்எம் போலத் தெரியும். முன்வரிசையில் இடம் பிடித்தால் போதும். எனக்கு ஒரே லென்ஸில் பறவையும் வேண்டும், மேடையும் வேண்டும் என்று அதுவரை ஆசை இருந்தது. அன்றோடு அதைக் கைவிட்டேன். அந்த லென்ஸைத்தான் பாதி விலைக்கு விற்றேன். விற்கும்போது 200-க்கு மேல் மங்கல் என்று சொல்லியே விற்றேன். வாங்கியவர் தோட்டத்துப் பூக்களை எடுக்கிறவர், அவருக்குப் பிரச்சினையில்லை.

மூன்றாவது கதையைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. நல்ல லென்ஸ் புதிதாக வாங்க வக்கில்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானதுதான், இன்றும் அதையேதான் சொல்வேன். வாங்கிய விதம்தான் தப்பு. ஸ்டெபிலைசர் உள்ள நல்ல ஜூம், விலை நியாயம், "சார், பாத்துப் பாத்து வெச்சிருந்தது, ஒரு கீறல் கிடையாது" என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யில்லை, வெளியே ஒரு கீறலும் கிடையாது. பார்த்தது சாயங்காலம், ஒரு டீ குடிக்கிற இடத்தின் மங்கல் வெளிச்சத்தில். காமிராவில் மாட்டி இரண்டு படம் எடுத்துக் குட்டித் திரையில் பார்த்தேன், ஷார்ப்பாகத் தெரிந்தது. அந்தக் குட்டித் திரையில் எல்லாப் படமும் ஷார்ப்பாகத்தான் தெரியும். இன்னொருவர் வேறு கேட்டிருக்கிறார் என்றதும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வெயிலுக்கு எதிராக ஒரு படம் எடுத்தேன். பனி மூடிய மாதிரி வந்தது. துடைத்தேன், மறுபடியும் பனி. சந்தேகம் வந்து அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே நடுக் கண்ணாடி ஒன்றின் ஓரத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை விட்டுக் கிளை விட்டு நடுவை நோக்கிப் படர்ந்திருந்தன. அழகாகக்கூட இருந்தது, இலை நரம்பு போல. பூஞ்சை. கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். விற்றவருக்குப் போன் செய்தேன். "நான் குடுக்கும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றார், அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. பழுது பார்க்கும் இடத்தில் காட்டினேன். பிரித்துத் துடைக்க லென்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். பூஞ்சை கண்ணாடி மேல் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது என்றும் சொன்னார்கள். நேர்மையாகச் சொன்னதற்கு அவர்களுக்கு நன்றி. லென்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸைப் பார்க்கப் போகும்போது நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பகலில் போகிறேன். என் காமிரா, என் கார்டு, முடிந்தால் லேப்டாப்பும். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, டார்ச்சைச் சாய்த்து, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்கிறேன். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலை இல்லை, எல்லா ஜூம் லென்ஸும் தூசி இழுக்கும், படத்தில் தெரியாது. நூல் மாதிரி கிளை இருந்தாலோ புகை படிந்த மாதிரி மங்கல் இருந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். முன்கண்ணாடியில் முடி போன்ற கீறல் இருந்தால் விலையைக் குறைத்துப் பேச வசதி, படத்துக்கு அதனால் பெரிய கெடுதல் வராது. பின்கண்ணாடியில் இருந்தால் யோசிக்க வேண்டும். மவுன்ட்டில், அதாவது காமிராவோடு பொருந்துகிற வளையத்தில், இருக்கிற திருகுகளின் தலையைப் பார்க்கிறேன், தேய்ந்து மழுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைபடுகிற மாதிரி சத்தம் வரக் கூடாது. ஷட்டரைப் பாதி அமுக்கினால் வ்யூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருக்கிற காட்சி சட்டென்று அமைதியாக வேண்டும், அதுதான் ஸ்டெபிலைசர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு கடைசி முனையில், அபர்ச்சர் முழுதாகத் திறந்து, எழுத்துகள் நிறைந்த ஒரு சுவரொட்டியையோ சுவரில் ஒட்டிய செய்தித்தாளையோ நேராக நின்று எடுக்கிறேன். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். மூலைகள் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது சகஜம். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. இவ்வளவும் செய்ய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தைப் பொறுக்காத ஆளிடம் வாங்க வேண்டாம்.

மவுன்ட் பொருந்தினால் எல்லாம் வேலை செய்யும் என்றும் நினைக்கக் கூடாது. நிக்கானில் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள், அதாவது லென்ஸ் நீங்கலான காமிராவுக்குள், ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸில் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகைகளை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ். அதற்கு நேர்மாறாக, ஏஎஃப்-பி லென்ஸ் டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. சோனியின் பழைய ஏ மவுன்ட்டுக்கு டாம்ரான் செய்த 70-300-ல் விசி கிடையாது, அந்த பாடிகளுக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருந்ததுதான் காரணம். எந்த லென்ஸ் வாங்கினாலும் உங்கள் பாடியின் பெயரையும் லென்ஸின் முழுப்பெயரையும், கடைசி எழுத்துவரை, சேர்த்து வைத்துத் தேடிப் பாருங்கள்.

பூஞ்சைக்குப் பிறகு இரண்டு மாதம் எதையும் வாங்கவில்லை. கோபம் பாதி, காசில்லாதது பாதி. ஆனால் உண்மையில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டது அந்த இரண்டு மாதத்தில்தான். அதே ஏரிக்கரைக்குப் போய் கிட் லென்ஸோடு சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு பெரியவர் வருவார், பழைய காமிரா, ஒரு சாதாரண ஜூம். அவர் எடுத்த மீன்கொத்தியை எனக்குக் காட்டினார். இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. "அண்ணே, இது எத்தனை எம்எம்?" என்று கேட்டேன். "முந்நூறுதான் தம்பி" என்றார். பிறகு, "நீங்க எங்க நின்னு எடுத்தீங்க?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். "அங்கேருந்து எடுத்தா எனக்கும் புள்ளிதான் வரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சின்ன சென்சாரின் அகலம் 23.5 மில்லிமீட்டர். 300 எம்எம்மில் 20 மீட்டர் தூரத்தில் பிரேமின் அகலம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிறு மீன்கொத்தி அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 17 சென்டிமீட்டர் போல இருக்கும். 24 மெகாபிக்சல் படத்தின் 6000 பிக்சல் அகலத்தில் பறவைக்குக் கிடைப்பது 650. அதே 300-ஐ வைத்துக்கொண்டு 10 மீட்டருக்கு நெருங்கினால் 1300. இருபது மீட்டரிலேயே நின்றுகொண்டு 1300 வேண்டுமானால் 600 எம்எம் வாங்க வேண்டும். அந்தப் பத்து மீட்டரின் விலை, என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். பெரியவர் அதைப் பொறுமையால் வாங்கியிருந்தார். பறவை வந்து உட்கார்கிற கம்பு எது என்று பார்த்துவைத்து, அது வருவதற்கு முன்பே போய் மர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். அரை மணியில் அவரும் கரையின் ஒரு பாகம் ஆகிவிடுவார்.

இருந்தாலும் 600 ஆசை சும்மா விடுமா? ஒரு 150-600-ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். இந்த 14 மாதத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான செலவு அதுதான். கிட்டத்தட்ட இரண்டு கிலோ. முதல் ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருந்தது, மதியத்துக்குள் இடது தோள் கழன்றுவிட்டது. காலையில் எடுத்த படங்கள் அற்புதம். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் கானல் ஓட ஆரம்பித்தது, தூரத்துக் கொக்கெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிந்தது. எந்த விலை லென்ஸும் அந்தக் காற்றைத் தாண்டிப் பார்க்காது. படம் மங்கலாக வந்தால் உடனே லென்ஸைத் திட்டாமல் நடுவில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் நாள் நான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அப்போதே பதில் கிடைத்துவிட்டது. தூக்கிக்கொண்டு போக மனம் வராத லென்ஸால் என்ன பிரயோஜனம்?

நாலாவதாக நான் வாங்கியது டாம்ரான் 70-300 விசி, 2010-ல் வந்த மாடல், செகண்ட் ஹேண்ட். 765 கிராம். பெரிய சென்சாருக்காகச் செய்தது, என் சின்ன சென்சாரில் அதன் நல்ல நடுப்பகுதி மட்டும் பயன்படுகிறது. வெயிலில் வைத்து டார்ச் அடித்து, செய்தித்தாள் எடுத்து, நாலு மூலை பார்த்து, அப்புறம்தான் காசு கொடுத்தேன். 300-ல் முழு அபர்ச்சரில் கொஞ்சம் மென்மையாக இருக்கும், எஃப் 7.1-க்கு வந்தால் எனக்குத் திருப்தி. அசையாமல் உட்கார்ந்திருக்கிற பறவையை விசி தயவில் 1/125-ல்கூட எடுக்கிறேன். பறக்கிற பறவைக்கு 1/1600-க்கு மேல் வேண்டும், அதற்கு வெயில் ஏறும்வரை காத்திருக்கிறேன்.

உங்களிடம் கேனன் சின்ன சென்சார் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே பிரதிபலிக்கிற கண்ணாடி உள்ள காமிரா, இருந்தால் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம்மை முதலில் தேடுங்கள். 2013-ல் வந்தது, 375 கிராம்தான், அந்த விலைக்கு அந்தத் தெளிவு அபூர்வம். 250-க்கும் 300-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் சரியாகிவிடும். நிக்கானில், பாடி ஒத்துவந்தால், விஆர் எழுத்து உள்ள அந்த ஏஎஃப்-பி. இன்னும் கொஞ்சம் சேர்க்க முடிந்தால் 2017-ல் வந்த டாம்ரான், சிக்மா 100-400-கள் இருக்கின்றன, ஒரு கிலோவுக்குச் சற்று மேல், நாள் முழுக்கத் தாங்கும். கேனனின் மிரர்லெஸ், அதாவது அந்தக் கண்ணாடி இல்லாத, காமிராக்களுக்கு 2020-ல் 600, 800 என்று எஃப் 11-ல் நிலையான அபர்ச்சர் உள்ள இரண்டு லென்ஸ்கள் வந்தன. 600 ஒரு கிலோகூட இல்லை. பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்கிறவருக்கு அது நல்ல பேரம், விடியற்காலைக்காரர்களுக்கு ஆகாது.

மிச்சக் காசில், லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி எம்எம்மை 1.4 மடங்காக்குகிற டெலிகன்வர்ட்டர் வாங்கிவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அது எஃப் 5.6-ஐ எஃப் 8 ஆக்கிவிடும், பல டிஎஸ்எல்ஆர்களின் ஆட்டோஃபோகஸ் எஃப் 5.6-ஓடு நின்றுவிடும், ஏற்கெனவே உள்ள குறைகளையும் சேர்த்தே பெரிதாக்கும். லென்ஸ் முன்னால் திருகுகிற மலிவான பாதுகாப்பு ஃபில்டரும் வேண்டாம், நீள லென்ஸில் அது தெளிவைக் கெடுப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். கழற்றியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. பதிலாக லென்ஸ் முனையில் மாட்டுகிற ஹூட் போடுங்கள், இடித்தாலும் அதுதான் முதலில் அடி வாங்கும். இன்னொன்று, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். பூஞ்சை பிடித்த லென்ஸை நல்லதோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.

என்னுடையது தனி டப்பாவில் இழுப்பறையில் இருக்கிறது, குழாய்க்குப் பக்கத்தில். போன மாதம் ஒரு பையன் அதைக் கேட்டு வந்தான். கல்லூரியில் படிக்கிறான், முதல் டெலி லென்ஸாம். வெளியே கீறல் இல்லாததைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. "இருப்பா, முதல்ல இதைப் பாரு" என்று விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். "இது என்னண்ணே, வலை மாதிரி இருக்கு?" என்றான். சொன்னேன். லென்ஸை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டு, அந்த டார்ச்சை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று இன்னொரு முறை காட்டச் சொன்னான்.